ஆவணியில் ஊற்றிய எண்ணெய்

எங்கள் போட் எஞ்சினுக்கென்று வைத்திருந்த நல்ல ஒயில் எங்கே போனது? இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நிற்கிற காலத்தில், எப்போதோ தொலைந்த ஒரு சிறிய தகரத்து ஒயிலை நினைத்து ஒருத்தி கவலைப்படுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அது எங்கே போனது என்று தெரிந்தால்தான், என் கைக்குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியடியில் யார் ஏந்துவது என்று என்னால் சொல்ல முடியும். என் கணவர் சொல்லிவிட்டார். தன் அக்காவின் கணவர்தான் ஞானத்தகப்பன் என்கிறார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், பாலர் பாடசாலையில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கை பிடித்து அகரம் எழுதப் பழக்கும்போதும் அந்தத் தகரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. மூடியில் துரு, பக்கத்தில் அரைவாசி உரிந்த சிவப்பு எழுத்து, அடியில் ஒரு நசுங்கல்.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவரை ஞானத்தகப்பனாக நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு பிள்ளையைப் பெற்றவர்கள் அவரோடு பழைய வழக்கு எதையும் கிளறக் கூடாது. கேட்க வேண்டியது ஏதும் இருந்தால், தண்ணீர் பிள்ளையின் தலையில் படுவதற்கு முன்னரே கேட்டுவிட வேண்டும். அதனால்தான் எனக்கு இந்த அவதி.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கணவரின் அக்காவைக் கட்டியவர் எனக்கு அண்ணன் முறை. எனக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. கலியாணம் முடித்துக் குருநகருக்கு வந்த புதிதில், அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததே என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலியில் ஆள் நுழையுமளவு ஓர் ஓட்டை, பொட்டு என்போம். அந்தப் பொட்டால் குனிந்து போவதும் வருவதுமாகவே இரண்டு வீட்டுச் சீவியமும் நடந்தது. அவர் நல்ல உயரம். முதலில் தலை வரும், பிறகு கையில் தொங்கும் மீன் கோர்வை வரும், கடைசியாகத்தான் ஆள் வருவார். “தங்கச்சி, சட்டியை வை” என்பார். ஒன்றையும் எறியமாட்டார். அவருடைய கொட்டிலில் நசிந்த தகரங்கள், மூடியில்லாத போத்தல்கள், அறுந்த கயிறுகள் என்று எல்லாம் தொங்கும். “உது என்னத்துக்கு அண்ணை?” என்று கேட்டால், “கப்பல் வரேல்லையெண்டால் உதுதான் எங்களுக்குக் கப்பல்” என்பார். கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மீன்பிடிக்கும் போட்டை இவர், அதாவது என் கணவர், அண்ணையோடு பங்காக வாங்கியிருந்தார். சண்டைக்கு முந்திய காலத்தில் அது கரையோர விடுதி ஒன்றில் வெள்ளைக்காரரை ஏற்றித் திரிந்த போட். விடுதி பூட்டப்பட்ட பிறகு கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. அதில் பூட்டியிருந்த எஞ்சின் மாதிரி ஒன்று எங்கள் கரையில் வேறு யாரிடமும் இல்லை. மற்ற எஞ்சின்களைக் கையால் பிடித்துத்தான் தண்ணீரிலிருந்து மேலே சாய்க்க வேண்டும். இதில் ஒரு சுவிச்சு இருந்தது. அழுத்தினால் பற்றரியில் ஒரு குட்டி மோட்டர் ஓடும். அது ஒயிலைத் தள்ளும். ஒயில் ஓர் இரும்புத் தண்டைத் தள்ளும். அவ்வளவு பாரமான எஞ்சினும் தானாகவே தலைகீழாகக் கும்பிடுவதுபோல மேலே எழும்பும். ‘றிம்’ என்று அதற்குப் பெயர். வாங்கிய புதிதில் ஆட்கள் வந்து நின்று சுவிச்சை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எஞ்சினோடு சேர்ந்து வந்ததுதான் நான் சொன்ன தகரம். அந்த றிம்முக்கு மட்டும் விடுகிற ஒயில். அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்ட பிறகு அப்படியொன்றைக் காசு கொடுத்தாலும் யாழ்ப்பாணத்தில் காண முடியாது. அது அண்ணையின் கொட்டிலில், உயரத்தில், தனியாக ஓர் ஆணியில் தொங்கியது.

அந்த றிம் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. எங்களுடையது பரவைக் கடல். பல இடங்களில் முழங்காலளவுதான் தண்ணீர். அந்த நாட்களில் பகலில், கரையை விட்டு அதிகம் விலகாமல்தான் தொழில் செய்தார்கள். ஆமியின் ஹெலிகொப்டர், ஹெலி என்போம், அதன் சத்தம் கேட்டால் ஒரே வழி, ஓரத்திலுள்ள கண்டல் பற்றைகளுக்குள் போட்டை ஏற்றிவிடுவதுதான். ஓட்டத்தோடு ஓட்டமாக எஞ்சினைத் தூக்கினால் போட் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தூக்காவிட்டால் தண்ணீருக்குள் சுழல்கிற விசிறி சேற்றில் புதையும். போட் வெட்டவெளியில் நின்றுவிடும். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது மீன்பிடிக்கிற போட்டா இயக்கத்துப் போட்டா என்று தெரியாது, தெரிந்துகொள்ள அவன் இறங்கி வரவும் மாட்டான். ஆகவே ஒவ்வொரு விடியலிலும் இவரை அனுப்பிவிட்டு நான் நம்பியிருந்தது அந்தோனியாரையும் அந்தச் சுவிச்சையும்தான்.

இந்தக் கைக்குழந்தை பிறக்குமுன், ஒரு வருடம் மார்கழி பிறந்ததோடு றிம் மெதுவாகத் தொடங்கியது. விடியற்காலையில் சுவிச்சை அழுத்தினால் முக்கி முனகிக்கொண்டு, நோயாளி எழும்புவதுபோல எழும்பும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். கரையில் மீன் கூறி விற்கிற ஒருவர் இருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஏலம் தொடங்குமுன் யாரையாவது கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்குத் தொண்டை திறக்காது. “என்ன தம்பி, உங்கடை எஞ்சினுக்கு இன்னும் நித்திரை முறியேல்லைப்போல. ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்துப் பாருங்கோவன்” என்றார். அண்ணை விடவில்லை. “அது துரைமாற்றை எஞ்சின். கந்தோர் துறந்தாப் பிறகுதான் வேலைக்கு வரும்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஹெலி அலுவலக நேரம் பார்த்தா வருகிறது?

முதலில் என் சந்தேகம் பற்றரிமீதுதான் போனது. பற்றரியும் தடை செய்யப்பட்ட சாமான்தான். ஒரு நல்ல பற்றரி இருந்தால் வீட்டில் வெளிச்சமும் வானொலியும் இருக்கும். அந்த நாட்களில் மாலையானால் வேலிக்கு அப்பால் அண்ணை வீட்டு வானொலி தெளிவாக, நெடுநேரம் பாடியது. எங்கள் நல்ல பற்றரியை மாற்றி எடுத்துவிட்டு, செத்த பற்றரி ஒன்றைப் போட்டில் வைத்துவிட்டாரோ? இவரிடம் மெல்லச் சொன்னேன். “உனக்கு உன்ரை நிழலிலையும் சந்தேகம்” என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் அடுத்த நாள் ஒரு மோட்டார் சைக்கிள் பல்பைக் கொண்டுபோய் வயரைப் பற்றரியில் தொட்டுப் பார்த்தார். கண் கூசியது. வேறொருவரின் பற்றரியை இரவல் வாங்கிக் கொழுவியும் பார்த்தார். றிம் அப்போதும் முனகியது. பிறகுதான் ஒரு நாள் பொட்டால் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது, வானொலி ஓடியது சைக்கிள் டைனமோவில். மச்சாள், அதாவது இவருடைய அக்கா, ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் மிதியை ஒரு கையால் சுழற்றியபடி மறு கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சந்தேகம் பொய்த்துவிட்டதே என்று எனக்கு ஆறுதல் வரவில்லை. ஒரு வளவிலிருந்து விரட்டிய கோழி மாதிரி அது அடுத்த வளவுக்குள் போய்க் கிளறத் தொடங்கியது.

இவரும் அண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வயர் முனைகளில் பச்சை பிடித்திருந்த உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினார்கள். மாற்றமில்லை. எஞ்சினை மேலே தூக்கிவைத்து, தண்டில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டு வந்து, மறுநாள் போய்ப் பார்த்தார்கள். கோடு கீறிய இடத்திலேயே இருந்தது. “இறங்கேல்லை. உள்ளுக்கை ஒழுக்கு இல்லை” என்றார் அண்ணை. மிஞ்சியது ஒயில் மட்டம். அதைத் திறந்து பார்த்தது நல்ல மத்தியான வெயிலில். நான் தேநீர் கொண்டுபோயிருந்தேன். அண்ணை மூடியைக் கழற்றி, ஓர் ஈர்க்கை உள்ளே விட்டு எடுத்து, ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். “முட்ட இருக்கு” என்று மூடியை இறுக்கினார். இவர் அப்போது குனிந்து போட்டிலிருந்த தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. ஈர்க்கை அவ்வளவு கெதியாக ஏன் துடைக்க வேண்டும்? கை அழுக்கானால் உடனே துடைப்பது அவருடைய வழக்கம்தான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் துடைப்பு மனதில் ஒட்டிக்கொண்டது. தேநீரை வாங்கும்போது அவர் சொன்னார்: “எஞ்சின் பொய் சொல்லாது தங்கச்சி. நாங்கள்தான் அதுக்குக் காது குடுக்கிறேல்லை.” யாருக்காகச் சொன்னார் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. அண்ணை பொட்டடியில் நின்று, “வயித்துக்குள்ளை ஏதோ செய்யுது. நீ இண்டைக்குக் கரையோடை போட்டு வா” என்று இவரிடம் சொன்னார். அதுவரை ஒரு நாளும் அவர் போகாமல் இருந்ததில்லை. இரண்டு பேர் இருந்தால் றிம் வேலை செய்யாவிட்டாலும் பக்கத்திலுள்ள திருகைத் தளர்த்தி எஞ்சினைக் கையால் தூக்கிவிடலாம். ஒருவரால் முடியாது. இவர் தனியே போனார். வாடைக்காற்று அடித்த குளிர்ந்த விடியல். நான் அடுப்பை மூட்டிப் பாண் துண்டை வாட்டிக்கொண்டிருந்தபோது ஹெலியின் சத்தம் கேட்டது. அப்போது எனக்கிருந்த ஒரே பிள்ளையான மூத்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பதுங்குகுழிக்குள் போக வேண்டியவள், கரையை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். அண்ணை. வெறுங்கால், வெறும் மேல். ஹெலி இன்னும் தெற்கே சுற்றிக்கொண்டிருந்தது. கடலில் எங்கோ படபடவென்று சூடு விழுகிற சத்தம். “போகாதையுங்கோ” என்று கரையில் நின்ற பெண்கள் கத்தினார்கள். அவர் யாரோ ஒருவரின் சின்ன வள்ளத்தைத் தள்ளி, மரக்கோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் இருவரும் வந்தார்கள். இவருடைய பாதம் சிப்பி வெட்டிக் கிழிந்திருந்தது. வேறு காயம் இல்லை. சுவிச்சை அழுத்தியிருக்கிறார். றிம் முனகி, ஒரு சாண் எழும்பி, அப்படியே நின்றுவிட்டது. விசிறி புதைந்து போட் நிற்க, குதித்துக் கண்டலுக்குள் ஓடி, கழுத்தளவு சேற்றில் இருந்திருக்கிறார். அவரைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தவர் அண்ணை. கரைக்கு வந்ததும் அண்ணை மணலில் குந்தியிருந்து அழுதார். பெரிய ஆம்பிளை அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அழுகை எனக்கு ஏன் பயத்தைத் தந்தது? வயிற்றுவலிக்காரர் அவ்வளவு வேகமாக ஓடினாரே என்ற எண்ணம் ஏன் வந்தது? பயத்தில் வலி மறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்ட பிறகும் அந்த எண்ணம் போகவில்லை.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு விடியற்காலை. மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவதற்காக யன்னற்கட்டில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துச் சரித்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வாடைக்குளிருக்கு வெள்ளையாக உறைந்துபோயிருந்தது. வருடத்தில் அந்தச் சில கிழமைகளில்தான் எங்கள் ஊரில் எண்ணெய் உறையும். மற்ற மாதங்களில் அது உறையக்கூடியது என்பதையே மறந்துவிடுவோம். அடுப்படியில் சற்று வைத்துவிட்டு எடுக்கலாம் என்று எழும்பியவள், போத்தலும் கையுமாக அப்படியே நின்றேன். விடிய உறைகிறது. வெயில் ஏறக் கரைகிறது.

“இஞ்சருங்கோ” என்று இவரை உலுப்பினேன். “இப்ப போய் அந்த மூடியைத் துறந்து பாருங்கோ. இந்தக் குளிருக்கை. மத்தியானம் பாக்கக்கூடாது.” இவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். எஞ்சின் அப்போது போட்டிலிருந்து கழற்றி எங்கள் வளவிலேயே கட்டையில் பூட்டியிருந்தது. அண்ணைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்தான். மூடியைக் கழற்றி ஈர்க்கை விட்டார். வெளியே வந்தபோது அதில் தயிர் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்து மணந்து பார்த்தோம். என் மகளின் தலையில் மணக்கிற அதே மணம்.

பொட்டுக்குள்ளால் அண்ணையின் தலை வந்தது. “என்ன, எனக்குச் சொல்லாமல் கழட்டிறியள்?”

“வாங்கோ அத்தான், வந்து மணந்து பாருங்கோ” என்றார் இவர். குரலில் சிரிப்பும் கோபமும் கலந்திருந்தது. “எஞ்சினுக்கு எண்ணெய் வைச்சு முழுக்காட்டினது ஆர்?”

அண்ணை வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். “நான் தகரத்திலை இருந்த ஒயிலைத்தான் விட்டனான்” என்றார் பிறகு.

எப்போது விட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆவணியில் என் மகள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நானும் இவரும் அங்கேயே இருந்தோம். அந்த நாட்களில் அண்ணை தனியே எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, ஒயிலும் மாற்றி, “எல்லாம் பாத்து வைச்சிருக்கிறன்” என்று சொல்லியனுப்பியிருந்தார். அதை நாங்கள் ஒரு பெரிய உதவியாகத்தான் நினைத்தோம்.

“அப்ப தகரத்திலை இருந்தது என்ன?” என்று கேட்டது நான். அதுவரை அவரிடம் நான் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் வேலிப்பக்கம் திரும்பி மச்சாளைக் கூப்பிட்டார். மச்சாள் கையில் அந்தத் தகரத்தோடேயே வந்தாள். கழுவித் துடைத்து, அரிசி அளக்க வைத்திருந்தாள். “உது நீங்கள்தானே வெறுந்தகரம் எண்டு எனக்குத் தந்தனியள்” என்றாள். “நான் உதுக்குள்ளைதானே தேங்காயெண்ணெய் வாங்கி வைச்சனான். போத்தல் ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு.”

“ஒயிலை ஊத்தினாப் பிறகுதானே தந்தனான்.”

“இல்லையே. சின்னப்பெட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கோ அடுத்தநாளோ தந்தனியள். நீங்கள் எஞ்சினைக் கழட்டினது பேந்து...”

அங்கே அவள் நிறுத்தினாள். அண்ணை அவளைப் பார்த்தார். முறைத்தார் என்று சொல்ல முடியாது, வெறுமனே பார்த்தார். மச்சாள் தகரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “எனக்கு வடிவா ஞாபகமில்லை. முந்தியோ, பிந்தியோ” என்று சொல்லிவிட்டுப் பொட்டால் போய்விட்டாள். அவளுடைய சட்டையின் முதுகு கிடுகில் மாட்டிக் கிழிந்தது. அதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் அதற்குமேல் கேட்கவில்லை. வலிகாமத்துப் பக்கம் உழவு மெசின் வைத்திருந்த ஒருவரிடம் போய், மிச்சமாகக் கிடந்த கொஞ்ச ஒயிலை வாங்கி வந்தார். தேங்காயெண்ணெயை வெயிலில் கரையவிட்டு வடித்து, மண்ணெண்ணெயால் அலசி, புது ஒயிலை விட்டு, சுவிச்சை அழுத்தி மேலும் கீழுமாகப் பலமுறை ஓடவிட்டுக் காற்றை எடுத்தார்கள். இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். அடுத்த விடியலில் றிம் முதல் நாள் வாங்கியபோது எழும்பியதைப் போல எழும்பியது. “கண்டியோ, சுகம் வந்திட்டுது” என்று இவர் சொன்னார். அவரைப் பொறுத்தவரை வழக்கு அத்துடன் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. மச்சாள் தன் எண்ணெயைத் தகரத்தில் வைத்திருக்க, அது தெரியாமல் அண்ணை எடுத்து ஊற்றினார் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் குற்றமில்லை. போத்தலும் தகரமும் தட்டுப்பாடான காலத்தில் எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்றின் பாத்திரத்தில் இன்னொன்றுதான் இருந்தது. நானே கிருமிநாசினிப் போத்தலில் விளக்கெண்ணெய் வைத்திருந்தேன். ஆனால் ஒயிலை ஊற்றிய பிறகுதான் தகரத்தைக் கொடுத்தேன் என்கிறாரே, அப்படியென்றால் எஞ்சினுக்குள் தேங்காயெண்ணெய் எப்படி வந்தது? மச்சாள் சொன்னது உண்மையென்றால், எஞ்சினைக் கழற்றுமுன்னரே தகரம் வெறுமையாகிவிட்டது. வெறுந்தகரம் என்று தன் கையாலேயே கொடுத்தவர், அதற்குள் ஒயில் இருக்கிறது என்று எப்படி நம்பி ஊற்றினார்? உள்ளே இருப்பது தேங்காயெண்ணெய் என்று தெரிந்தேதான் ஊற்றினாரா? ஆவணி வெயிலில் அது ஒயில் மாதிரியே ஓடியிருக்கும். மார்கழி வருமென்று அவருக்கு நினைவு வரவில்லையா? வந்துதான் அன்று வயிற்றுவலி வந்ததா? அப்படியென்றால் அதற்கு முந்திய விடியல்களில் அவரும் அதே போட்டில்தானே போனார். எந்தப் பக்கத்தால் போனாலும் ஓர் இடத்தில் வேலி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அதன் பிறகும் அண்ணை மீன் கோர்வையோடு வந்தார். நான் சட்டியை வைத்தேன். ஆனால் இரண்டு பேரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம். எரிபொருள் கிடைக்காததால் இப்போது எஞ்சின் ஓடுவதில்லை. சாக்கில் சுற்றி வைக்கோலுக்குள் வைத்திருக்கிறார்கள். இவர் மரக்கோல் ஊன்றிப் போய் ஓரத்தில் வலை போட்டு வருகிறார். இந்தப் பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாக, “அத்தான்தான் பிடிக்கவேணும்” என்றார். “எனக்கு அந்த ஒயில் கதை தெரியவேண்டாம். என்னைச் சேத்துக்குள்ளாலை இழுத்தது அந்த மனுசன்” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சேற்றுக்குள் போக வைத்தது யார் என்றுதானே நான் கேட்கிறேன்.

போன கிழமை மச்சாள் பிள்ளை பார்க்க வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முற்றத்தில் கயிறடித்து விளையாடிக்கொண்டிருந்த என் மூத்த மகளைப் பார்த்தபடி இருந்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ தெரியாது. “நீ இன்னும் அந்தத் தகரத்தைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறாய், என்ன?” என்றாள். நான் பிள்ளையின் துணிகளை மடிக்கத் தொடங்கினேன். “உன்ரை பெட்டைக்கு அந்த ஆவணியிலை குளிசை சும்மாவே வந்தது?” என்றாள். அவ்வளவுதான். மேலே கேட்டதற்கு, “நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லமாட்டன் எண்டு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்” என்று எழும்பிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த ஆவணியில் மகளுக்கு வேண்டிய மருந்துக் குளிசை தடையால் ஊரிலேயே இல்லாமல் இருந்தது. வெளியில் எங்காவது தேடிப் பாருங்கள் என்றார்கள். இவர் சைக்கிளில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அன்று மாலை அண்ணை ஆஸ்பத்திரிக்கு வந்து, தாளில் சுற்றிய குளிசைகளை என் கையில் வைத்தார். “ஆர் தந்தது அண்ணை?” என்று கேட்டதற்கு, “முதல் குடு, பேந்து கதைப்பம்” என்றார். பிறகு அவர் கதைக்கவேயில்லை. மகள் பிழைத்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை. இப்போது ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். மீன் கூறுகிறவரின் சொந்தக்காரர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மீன் கூறுகிறவருடைய மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் குழியில் விழும்போதெல்லாம் குதிரை மாதிரித் துள்ளும். அந்த முன்தண்டுக்குள் விட எங்கள் றிம் ஒயிலைப் போன்ற ஒன்று கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் புலம்பித் திரிந்தார். மார்கழியில் அவர் எங்கள் எஞ்சினைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்து இறங்கியபோது அந்த மோட்டார் சைக்கிள் துள்ளியதா? துள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேனா, அல்லது இப்போது அப்படி நினைக்க விரும்புகிறேனா? கேட்டறியலாம் என்றால் அவர் குடும்பத்தோடு வன்னிப்பக்கம் போய்விட்டார்.

அது உண்மையென்றால், என் மகளின் உயிருக்காக அந்த ஒயிலைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பத் தேங்காயெண்ணெயை ஊற்றி, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அப்படியென்றால் ஏன் எங்களிடம் சொல்லவில்லை? மகளைச் சொல்லி எங்களை வாயடைக்க வேண்டாம் என்றா? சொல்லியிருந்தால் குளிர் வந்ததும் எண்ணெயை மாற்றியிருப்போமே. இவர் சேற்றுக்குள் இருந்திருக்க மாட்டாரே. அல்லது இதெல்லாம் மச்சாள் கட்டிய கதையா? இத்தனை காலம் வாய் திறக்காதவள், ஞானஸ்நானம் நெருங்கி வரும்போது மட்டும் ஏன் திறந்தாள்? புருசனுக்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று என் பிள்ளையின் காய்ச்சலை எடுத்து முன்னால் வைக்கிறாளா? குளிசை வந்தது உண்மை. ஒயில் போனதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் முடிச்சு இருக்கிறதா என்று தெரிந்த ஒரே ஆள் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லாதவர்.

நேற்று இவர் முறைப்படி வெற்றிலைத் தட்டோடு போய் அவரைக் கேட்டிருக்கிறார். அண்ணை தட்டைத் தொடவில்லையாம். “தங்கச்சி வந்து கேக்கட்டும். அவ வாய்திறந்து கேட்டால் வாறன். இல்லையெண்டால் நான் கோயிலிலை பின்வரிசை வாங்கிலை இருந்து செபம் சொல்லிப்போட்டுப் போறன்” என்றாராம். இவர் வந்து எனக்கு அதைச் சொல்லிவிட்டு, பெரிய மனுசன்தான் பார் என்றார். எனக்கோ அந்த வார்த்தையும் இரண்டாகத் தெரிகிறது. மனதில் ஒன்றும் இல்லாதவரும் அப்படிச் சொல்வார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தவரும் அப்படிச் சொல்வார்.

பத்திரிகையில் இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்களும் இருப்பீர்கள். ஞானஸ்நானம் வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு. அதற்குள் நான் பொட்டால் குனிந்து அந்தப் பக்கம் போக வேண்டும். போனதும் எதை முதலில் கேட்பது, பிள்ளையை ஏந்துவீர்களா என்றா, ஒயிலை என்ன செய்தீர்கள் என்றா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதைக் கேட்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். ஒயிலைக் குளிசைக்குத்தான் கொடுத்தேன் என்று அவர் சொல்லிவிட்டால், ஒரு கையில் மகளையும் மறு கையில் இவருடைய கிழிந்த பாதத்தையும் வைத்துக்கொண்டு நான் அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.